நம் கெடா தந்த துங்கு

மலேசியாவின் முதல் பிரதமர் மர்ஹூம் துங்கு அப்துல் ரஹ்மான் அவர்களை நாடே சுதந்திரத் தந்தை என்று போற்றுகிறது. கெடாவில் பிறந்து வளர்ந்த நமக்கோ அவர் நம்மூர்க்காரர்.

1903 பிப்ரவரி 8ஆம் நாள் அலோர் ஸ்டாரில் சுல்தான் அப்துல் ஹமீது அவர்களின் மகனாகத் துங்கு பிறந்தார். தாயார் சயாம் வம்சத்தைச் சேர்ந்தவர். கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்று, 1931இல் கெடா அரசுப் பணியில் சேர்ந்தார். பாடாங் தெராப், சுங்கை பட்டாணி, கூலிம் ஆகிய இடங்களில் மாவட்ட அதிகாரியாக இருந்தார். 1941 டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்தபோது, முதிய சுல்தானைப் பினாங்குக்கு அனுப்ப ஏற்பாடானது. மக்களை விட்டு மன்னர் போகலாகாது என்று கருதிய துங்கு, தந்தையின் காரைத் திருப்பிக் கூலிமுக்கே அழைத்து வந்துவிட்டார். விட்டுப்போன சட்டப் படிப்பை இலண்டனில் முடித்தது 1949இல்தான்.

அம்னோ புரட்சி பேசிய கட்சி அல்ல. சுல்தான்களின் மரபையும் மலாய்க்காரரின் உரிமையையும் காக்க 1946இல் தோன்றிய கட்சி. 1951இல் அதன் தலைமை துங்குவிடம் வந்தது. மறு ஆண்டு கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில் அம்னோவும் ம.சீ.ச.வும் கைகோத்து 12 இடங்களில் 9இல் வென்றன. 1954இல் ம.இ.கா.வும் சேர, கூட்டணி முழுமை பெற்றது.

உண்மையான சோதனை 1955 பொதுத் தேர்தலில் வந்தது. வாக்காளர்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் மலாய்க்காரர்கள். தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களிலும், கடை வைத்திருந்த நம் பாட்டனார்களிலும் பெரும்பாலோருக்கு அன்று வாக்குரிமையே கிடையாது. அப்படியிருக்க மற்றவர்களுக்கு ஏன் இத்தனை இடம் என்று துங்குவின் சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு எழுந்தது. அவர் அசையவில்லை. 52 வேட்பாளர்களில் 35 பேர் அம்னோ, 15 பேர் ம.சீ.ச., 2 பேர் ம.இ.கா. என்று பட்டியல் வந்தது. ஜூலை 27ஆம் நாள் கூட்டணி 51 இடங்களை வென்றது. தோற்ற ஒரே தொகுதி கிரியான். அங்கே நின்றவர் அம்னோ வேட்பாளர். சீன, இந்திய வேட்பாளர்கள் 17 பேரும் மலாய் வாக்காளர்களின் ஆதரவோடு வென்றனர். துங்கு நம் கெடாவின் சுங்கை மூடா தொகுதியில் வெற்றி பெற்றார்.

1957 ஆகஸ்ட் 31இல் சுதந்திரம் வந்தது. 1959 முதல் கோலா கெடா மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். இனவாரிப் பங்கீடு அரசியலில் நிலைத்துவிட்டது என்ற குறையும் உண்டு. 1969 மே கலவரம் அவரது மனத்தை உடைத்தது; மறு ஆண்டு பதவி விலகினார். பின்னர் ஜித்தாவில் இஸ்லாமிய நாடுகள் அமைப்பின் முதல் பொதுச்செயலாளரானார். 1990 டிசம்பர் 6இல் காலமாகி, அலோர் ஸ்டார் லங்கார் அரச மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டார்.

வியாபாரிகளான நமக்குப் பங்கு பிரிப்பதன் சிரமம் தெரியும். சங்கத் தேர்தல் வந்தால் எந்த ஊருக்கு எத்தனை பதவி என்று நாமும் கணக்குப் பார்க்கிறோம். எண்ணிக்கையில் பெரிய ஊர், சிறிய ஊருக்கு இடம் கொடுக்கத் தயங்குகிறது. தயங்கும்போதெல்லாம் 1955ஆம் ஆண்டு வேட்பாளர் பட்டியலை நினைத்துக்கொள்வோம். பெரும்பான்மை கையில் இருந்தபோதே பங்கு கொடுத்தவர் துங்கு.

அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, மேலான சுவனபதியை அருள்வானாக. ஆமீன்.