கொலின் ஆர்ச்சர்

கொலின் ஆர்ச்சர் (ஜூலை 22, 1832 - பெப்ரவரி 8, 1921) நோர்வே நாட்டைச் சேர்ந்த கப்பல் வடிவமைப்பாளரும் படகு கட்டுநரும் ஆவார். கடும் புயலிலும் கடலில் நிலைத்து நிற்கவல்ல வழிகாட்டிப் படகுகளையும் மீட்புப் படகுகளையும் உருவாக்கியமைக்காகவும், பிராம் என்ற துருவப் பயணக் கப்பலைக் கட்டியமைக்காகவும் அறியப்படுகிறார். தொழில் நிமித்தம் கடலுக்குச் செல்வோரின் பாதுகாப்புக்காக இவர் வகுத்த வடிவம், பிற்காலத்தில் சிறு பாய்ப்படகுகளில் பெருங்கடல்களைக் கடந்தோரால் பெரிதும் விரும்பப்பட்டது.

இளமைக் காலம்

ஆர்ச்சரின் பெற்றோர் 1825 இல் ஸ்கொட்லாந்திலிருந்து நோர்வேயின் லார்விக் நகருக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களின் 13 பிள்ளைகளுள் ஒருவராக ஆர்ச்சர் அந்நகரில் பிறந்தார். 1850களில் ஆஸ்திரேலியா சென்று, இன்றைய குயின்ஸ்லாந்தில் தம் சகோதரர்கள் நடத்திய பண்ணையில் பணியாற்றினார். 1855 இல் எலிடா என்ற பாய்க்கப்பலில் பிட்ஸ்றோய் ஆற்றின் வழியே அப்பண்ணைக்குப் பொருட்களைக் கொண்டு சேர்த்தார். 1861 இல் நோர்வே திரும்பிய பின்னர், லார்விக்கில் குடும்ப இல்லமான டொல்லெரொடனில் படகு கட்டத் தொடங்கினார்.

வழிகாட்டிப் படகுகள்

துறைமுகத்தை நோக்கி வரும் கப்பல்களுக்கு வழிகாட்டுவோர், எக்காலநிலையிலும் சிறு படகுகளில் கடலில் காத்திருக்க வேண்டியிருந்தது. அக்காலப் படகுகள் ஆழம் குறைந்தவை. கவிழாதிருக்க உட்புறத்தில் இட்ட பாரத்தையே நம்பியிருந்தன. படகு பெரிதும் சாயும்போது அப்பாரம் இடம்பெயர்ந்தால் படகு மூழ்கும். இவ்வாறு வழிகாட்டிகள் பலர் உயிரிழந்தனர்.

ஆர்ச்சர் படகின் ஆழத்தைக் கூட்டினார், மேல்தளம் அமைத்தார், இரும்புப் பாரத்தை அடிமரத்தின் வெளிப்புறத்தில் பிணைத்தார். படகின் முன்முனையைப் போலவே பின்முனையையும் கூராக அமைக்கும் நோர்வே மரபை அவர் கைவிடவில்லை. பின்னால் துரத்தி வரும் அலையை இத்தகைய பின்முனை பிளந்து இருபுறமும் ஒதுக்கும். நீரினுள் அமிழும் கன அளவு படகின் நீளவாக்கில் எவ்வாறு பரவியிருக்க வேண்டும் என்பதை அலையின் வடிவோடு தொடர்புபடுத்தி ஒரு கோட்பாட்டையும் வகுத்து, 1878 இல் இங்கிலாந்தில் கட்டுரையாக வெளியிட்டார்.

மீட்புப் படகுகள்

கப்பற்சேதத்தில் சிக்கியோரை மீட்பதற்கான நோர்வேச் சங்கம் 1891 இல் நிறுவப்பட்டது. அதற்காக ஆர்ச்சர் வடிவமைத்த முதற் படகு 1893 இல் அவருடைய பெயரையே தாங்கிக் கடலில் இறக்கப்பட்டது. சுமார் 14 மீட்டர் நீளமுள்ள இப்படகின் அகலம், நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும். இதில் இயந்திரம் இல்லை. மீன்பிடிப் படகுகளுடன் கடலில் தங்கி, புயல் வீசும்போது அவற்றைக் கரைக்கு இழுத்து வருவதே இதன் பணி. 1894 மே மாதத்தில் வடநோர்வேயின் ஹம்னிங்பெர்க் பகுதியில் வீசிய கடும்புயலில், நிக்கொலாய் அந்தோனிசன் தலைமையில் இப்படகு முப்பதுக்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றியது. அதன் பின்னர் இவ்வகைப் படகுகள் நோர்வேக் கரையோரம் எங்கும் பயன்பாட்டுக்கு வந்தன.

பிராம்

பிரித்யோப் நான்சனுக்காக ஆர்ச்சர் கட்டிய பிராம், அக்டோபர் 26, 1892 அன்று கடலில் இறக்கப்பட்டது. பனிக்கட்டி நெருக்கும்போது நொறுங்காமல் மேலெழும்பும் வண்ணம் அதன் அடிப்பகுதி உருண்டையாக அமைக்கப்பட்டது. 1893 முதல் 1896 வரை வடதுருவப் பனியில் மிதந்து சென்று அக்கப்பல் சேதமின்றித் திரும்பியது. ஆயினும் அதே உருண்டை வடிவத்தால், திறந்த கடலில் அது பக்கவாட்டில் கடுமையாக உருண்டு பயணிகளை வருத்தியது. இக்கப்பல் தற்போது ஒஸ்லோவிலுள்ள அருங்காட்சியகத்தில் உள்ளது.

நெடும்பயணப் படகுகளில் தாக்கம்

ஆர்ச்சரின் மீட்புப் படகுகள் எடை மிகுந்தவை. ஆதலால் அலைகளில் திடீரெனக் குலுங்காமல் மெதுவாக அசையும். நீண்ட அடிமரம் இருப்பதால் சுக்கானை இடைவிடாது திருத்தாமலே நேர்வழி செல்லும். வாரக்கணக்கில் கடலில் இருக்கும் சிறு குழுவினருக்கு உறங்கவும் சமைக்கவும் இப்பண்புகள் பெரிதும் உதவுகின்றன. மென்காற்றில் வேகம் குறைவதும், காற்றை எதிர்த்துச் செல்ல இடர்ப்படுவதும் இவற்றின் குறைகளாகும்.

அமெரிக்க வடிவமைப்பாளர் வில்லியம் அட்கின், 1920களில் இவ்வடிவத்தைச் சுமார் 9.8 மீட்டர் நீளத்துக்குச் சுருக்கி எரிக் என்ற படகை வரைந்தார். அவ்வரைபடத்தைத் தழுவி 1960களில் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டதே சுகைலி. றொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்டன் அதில் ஜூன் 14, 1968 முதல் ஏப்ரல் 22, 1969 வரை 312 நாட்கள் பயணம் செய்து, எங்கும் தங்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதரானார்.

மறைவு

ஆர்ச்சர் தமது 88ஆவது அகவையில் லார்விக்கில் காலமானார். அவர் பெயரைத் தாங்கிய முதல் மீட்புப் படகு பின்னாளில் விற்கப்பட்டு அமெரிக்கா சென்றது. 1970களில் அது நோர்வேக்கு மீட்டு வரப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டது.