ஆக்னஸ் போக்கல்ஸ்

ஆக்னஸ் போக்கல்ஸ் 1862ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் பிறந்து, ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வளர்ந்தார். அறிவியலில் ஆர்வம் மிகுந்திருந்தும், பல்கலைக்கழகத்தில் சேரும் வாய்ப்பு அன்று பெண்களுக்கு இல்லை. எனவே, அவர் வீட்டு வேலைகளைக் கவனித்து, நோயுற்ற பெற்றோரைப் பேணினார். இயற்பியல் பயின்ற தம்பி பிரெட்ரிக் தந்த நூல்களைக் கற்றார்.

பாத்திரம் கழுவும் நீரில் எண்ணெய்ப் பசை பரவுவதை ஆக்னஸ் கூர்ந்து நோக்கினார். தகரத் தொட்டியில் நீர் நிரப்பி, அதன்மேல் தகரப் பட்டையை நகர்த்தி, மென்படலம் நெருங்கும்போது பரப்பு இழுவிசை மாறுவதை அளந்தார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவ்வாய்வை உலகம் அறியவில்லை. 1891இல் அவர் துணிந்து இங்கிலாந்து அறிவியலாளர் ரேலி பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். ரேலியின் முயற்சியால் அது ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது.

பின்னர், அமெரிக்கரான லாங்மியூர் அத்தொட்டியை மேம்படுத்தி, சில மூலக்கூறுகள் நீர்மேல் ஒற்றை அடுக்காக அணிவகுப்பதை விளக்கினார். 1932இல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டில் ஆக்னஸுக்குக் கௌரவ முனைவர் பட்டம் கிடைத்தது. 1935இல் அவர் மறைந்தார்.

இன்று கரிம, கனிமப் பொருள்களை இணைத்து ஒளி உமிழும் மென்படலங்களை உருவாக்குவோரும் அத்தகைய தொட்டியைப் பயன்படுத்துகின்றனர். பட்டம் பெறாத பெண்ணின் சமையலறை முயற்சி, ஆய்வுக்கூடங்களில் தொடர்கிறது.