மேடு பள்ளத்தை வென்ற பந்தய வீரர்

நெய்வேலி நகரியத்துச் சாலைகள் நேரானவை, நிழல் நிறைந்தவை. அங்கே மோட்டார் சைக்கிளில் போனால் அலுப்புத் தெரியாது. மந்தாரக்குப்பம் பக்கம், கனத்த லாரிகள் ஓடும் சாலைக்கு வந்த பிறகுதான் சோதனை. ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் பின்னால் இருக்கும் மனைவி மக்களைத் தூக்கிப் போட்டுவிடும்.

அந்த நேரத்தில் முதுகெலும்பைக் காப்பாற்றுவது எது? வண்டிக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்தான். இதைத்தான் சஸ்பென்ஷன் என்கிறார்கள்.

இந்தச் சஸ்பென்ஷனுக்கு ஒரு மூளை வைத்தால் எப்படி இருக்கும்? அப்படி மூளை வைத்த காரை ஓட்டி, பார்முலா 1 பந்தயத்தில் முதன் முதலில் வெற்றி பெற்றவர் அயர்டன் சென்னா. பிற்பாடு அந்தக் கருவியைத் தடை செய்தார்கள். தடை வந்த ஆண்டிலேயே சென்னாவின் உயிரும் போயிற்று. அவருடைய கதை இது.

தடுக்கி விழுந்த பையன்

தென் அமெரிக்காவில் பிரேசில் என்று ஒரு நாடு. அங்கே சாவோ பாலோ நகரில் 1960-ம் ஆண்டு மார்ச் 21-ந்தேதி சென்னா பிறந்தார். தந்தை வசதியான தொழிலதிபர்.

சிறு வயதில் சென்னாவுக்குக் கைகால் அசைவு சரிவரக் கூடவில்லை. அடிக்கடி தடுக்கி விழுவார். பெற்றோர் கவலைப்பட்டார்கள்.

அவருக்கு 4 வயது ஆனபோது, தந்தை ஒரு சிறு வண்டி செய்து கொடுத்தார். புல் வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினை அதில் பொருத்தியிருந்தார். அதில் ஏறி உட்கார்ந்ததும் பையன் வேறு ஆளாக மாறிவிட்டான்! தரையில் தடுமாறிய கால்கள் வண்டியில் தடுமாறவில்லை.

13 வயதில் முதல் பந்தயம். 1981-ல் இங்கிலாந்து சென்றார். 1984-ல் பார்முலா 1 பந்தயத்தில் நுழைந்தார். உலகில் கார் பந்தயங்களுக்கெல்லாம் மேலானது இதுதான். நம் கோவை வாலிபர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஓட்டியதும் இந்தப் பந்தயத்திலேதான்.

மெத்தையா? கல்லா?

பந்தயக் காரில் ஒரு சங்கடம் உண்டு. ஸ்பிரிங் மெத்தை போல் இருந்தால் பள்ளம் தெரியாது. ஆனால் வளைவில் கார் ஒரு பக்கம் சாயும். பிரேக் போட்டால் மூக்கு தரையைப் பார்க்கும். ஸ்பிரிங் கல் போல் இருந்தால் கார் சாயாது. ஆனால் சிறு மேட்டிலும் சக்கரம் துள்ளும். துள்ளும் சக்கரத்துக்குச் சாலையில் பிடி இல்லை.

இன்னொன்றும் உண்டு. பந்தயக் கார் தரையை ஒட்டி ஓடுவது. அடியில் பாயும் காற்று அதைத் தரையோடு இழுத்துப் பிடிக்கிறது. காரின் உயரம் சற்று மாறினாலும் அந்தப் பிடி மாறிவிடும்.

லோட்டஸ் கம்பெனியார் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1987-ல் சென்னா ஓட்டியது அவர்களுடைய கார்தான்.

நெய்வேலி மக்களுக்கு அந்த வழி எளிதில் விளங்கும். சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் அடைபட்டு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. இரவும் பகலும் பம்பு வைத்து அதை இறைத்தால்தான் கரி வெட்ட முடியும். அடைபட்ட நீருக்குப் பூமியையே தூக்கும் வலிமை உண்டு.

லோட்டஸ் காரில் அந்த வலிமையை எண்ணெய் தந்தது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் எண்ணெய்க் குழல். பம்பு ஒன்று எண்ணெயை அழுத்திக்கொண்டே இருக்கும். சக்கரம் எவ்வளவு ஏறியது, கார் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மின்சாரக் கருவிகள் உடனுக்குடன் அளந்து சொல்லும். கம்ப்யூட்டர் கணக்குப் போடும். வால்வு திறக்கும். கண் இமைப்பதற்குள் எண்ணெய் சக்கரத்தை இறக்கும் அல்லது ஏற்றும். காரின் உடல் மட்டமாகவே நிற்கும்.

தெருவில் வெற்றி

மோனாக்கோவில் பந்தயம் நடப்பது ஊர்த் தெருக்களில். மற்ற நாட்களில் பஸ் ஓடும் தெருக்கள் அவை. மேடு பள்ளம் உள்ளவை. 1987-ம் ஆண்டு மே 31-ந்தேதி அங்கே முந்திக்கொண்டிருந்த மான்செல்லின் கார் பழுதாகி நின்றது. சென்னா வென்றார்!

மூன்று வாரம் கழித்து அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத் தெருக்களிலும் வென்றார். அங்கே அவர் டயரே மாற்றவில்லை. சக்கரங்கள் துள்ளாததால் டயர் தேய்வு குறைந்தது.

அடுத்த ஆண்டு அவர் மெக்லாரன் அணிக்குப் போனார். 1988, 1990, 1991 ஆகிய மூன்று ஆண்டுகளில் உலக சாம்பியன் ஆனார்.

1992-ல் நிலைமை மாறியது. வில்லியம்ஸ் அணியினர் இதே முறையை இன்னும் திருத்தமாகச் செய்தார்கள். மான்செல் அந்தக் காரில் 16 பந்தயங்களில் 9-ஐ வென்றார். சென்னாவால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. சம்பளமே இல்லாமல் அந்தக் காரை ஓட்டத் தயார் என்று அவர் அறிவித்தார். ஆனால் 1993-ல் அந்த இடம் அவருடைய போட்டியாளர் புரோஸ்டுக்குப் போயிற்று.

அதே 1992-ல் பெல்ஜியத்தில் ஒரு சம்பவம். பயிற்சி ஓட்டத்தில் எரிக் கோமாஸ் என்ற வீரரின் கார் மோதி நின்றது. அவர் மயங்கிக் கிடந்தார். சென்னா தம் காரை நிறுத்தினார். மற்றக் கார்கள் பாய்ந்து வரும் பாதையில் ஓடிப் போய், அவருடைய எஞ்சினை அணைத்துத் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

கிடைத்தது, ஆனால்...

1994-ல் வில்லியம்ஸ் கார் சென்னாவுக்குக் கிடைத்தது. ஆனால் அந்த ஆண்டு முதல், தானே மாறும் சஸ்பென்ஷனும் மற்ற மின்னணு உதவிகளும் கூடாது என்று விதி வந்துவிட்டது. காரை ஓட்டவேண்டியது மனிதனே, கம்ப்யூட்டர் அல்ல என்பது வாதம். முன்பு சென்னாவும் அந்தக் கட்சிதான்.

ஆனால் புதிய கார் அடங்கவில்லை. வேகத்தைக் குறைக்காமல் உதவிகளை மட்டும் எடுத்துவிட்டார்கள்; இந்த ஆண்டு விபத்துகள் நிறைய வரும் என்று சென்னா எச்சரித்தார்.

இத்தாலியில் இமோலா பந்தயம். ஏப்ரல் 30-ந்தேதி ரோலண்ட் ராட்சன்பெர்கர் என்ற ஆஸ்திரிய வீரர் மோதி இறந்தார். மறுநாள் மே 1-ந்தேதி. 7-வது சுற்று. மணிக்கு சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் சென்னாவின் கார் வளைவில் திரும்பாமல் நேரே போய்க் கான்கிரீட் சுவரில் மோதியது. சஸ்பென்ஷனின் ஒரு துண்டு தலைக்கவசத்தைத் துளைத்தது. சென்னா மரணம் அடைந்தார். வயது 34.

அவருடைய காரில் ஓர் ஆஸ்திரியக் கொடி இருந்தது. வென்றதும் இறந்த தோழனுக்காக அதை அசைக்க எண்ணியிருந்தார்.

ஸ்டீயரிங் தண்டு முறிந்ததா, காரின் அடிப்பாகம் தரையில் தட்டியதா? வழக்கே நடந்தது. இன்றும் ஒருமித்த முடிவு இல்லை. பழைய கருவி இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல யாராலும் முடியாது.

ஆனால் ஒன்று நிச்சயம். அந்தச் சாவு பந்தயத்தையே மாற்றியது. அபாயமான வளைவுகளைத் திருத்தினார்கள். ஓட்டுகிறவரின் தலைக்கும் கழுத்துக்கும் காப்பு வந்தது. அதன்பின் 20 ஆண்டுகள் பார்முலா 1 பந்தயத்தில் எந்த வீரருக்கும் உயிர்ச் சேதமான விபத்து நேரவில்லை.

அவர் பெயரால் சகோதரி விவியான் தொடங்கிய அறநிலையம் பிரேசில் பிள்ளைகளின் கல்விக்கு உதவி வருகிறது.

பார்முலா 1-ல் அந்தச் சஸ்பென்ஷனுக்கு இன்றும் தடைதான். ஆனால் விலை உயர்ந்த வேகக் கார்களில் அதன் தம்பி வந்துவிட்டான். இவன் சக்கரத்தைத் தூக்குவதில்லை. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் போகும் துளையை மின்சாரத்தால் சிறிதாக்குவான், பெரிதாக்குவான். துளை சிறுத்தால் வண்டி விறைப்பாகும், பெருத்தால் மெத்தையாகும். சில கார்களில் எண்ணெயில் இரும்புத் தூள் கலந்திருக்கும். காந்தத்தைத் தூண்டினால் அந்த எண்ணெய் நொடியில் இறுகும்.

நம் மோட்டார் சைக்கிளுக்கு இவ்வளவு மூளை தேவையில்லை. ஆனால் அடுத்த முறை மனைவி மக்களை ஏற்றுமுன் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா என்று ஒரு முறை குனிந்து பாருங்கள். அதைப் பார்க்க வேண்டியது மனிதன்தான்.