வேலு நாச்சியார்: ஒரு பிரிவும் பதிவாகாத பிரிவுகளும்

போர்களின் வரலாறு வென்றவர், தோற்றவர் பெயர்களால் எழுதப்படுகிறது. அப்போர்கள் பிரித்த கணவன் மனைவியர் அதில் அரிதாகவே இடம்பெறுகின்றனர். இடம்பெறுவோரும் பெரும்பாலும் அரச குடும்பத்தினரே. திண்டுக்கல் சீமையில் எட்டு ஆண்டுகள் அடைக்கலம் புகுந்திருந்த வேலு நாச்சியாரின் வாழ்க்கையை நாம் இந்தக் கோணத்திலிருந்து மீண்டும் வாசிக்க வேண்டியிருக்கிறது.

இராமநாதபுரம் மன்னர் செல்லமுத்து சேதுபதியின் மகளாக 1730இல் பிறந்த அவர், வாள், சிலம்பம், குதிரையேற்றம் ஆகியவற்றில் தேர்ந்தவர். 1746இல் சிவகங்கையின் முத்துவடுகநாதரை மணந்தார். வெள்ளச்சி என்றொரு மகள் பிறந்தாள். 1772இல் ஆர்க்காட்டு நவாபின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் சேர்ந்து சிவகங்கைமீது பாய்ந்தன. ஜூன் 25 அன்று காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். 26 ஆண்டு மணவாழ்க்கை ஒரே நாளில் அறுந்தது. சிவகங்கையின் பெயரும் உசேன் நகர் என மாற்றப்பட்டது.

நாச்சியார் உடன்கட்டை ஏறவில்லை. கைம்மை நோன்பில் ஒடுங்கவும் இல்லை. மகளுடன் தப்பி, பிரதானி தாண்டவராயப் பிள்ளையும் மருது சகோதரர்களும் துணைவர, பழனிமலை அடிவாரத்திலுள்ள விருப்பாச்சியை அடைந்தார். பாளையக்காரர் கோபால நாயக்கர் அடைக்கலம் தந்தார். திண்டுக்கல் கோட்டை அப்போது மைசூரின் ஹைதர் அலி வசம் இருந்தது. 5000 குதிரைப் படையினரும் 5000 காலாட்படையினரும் வேண்டும் எனக் கேட்டு 1772 டிசம்பரில் தாண்டவராயப் பிள்ளை அவருக்கு மடல் எழுதினார். ஆனால் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1780இல்தான் ஹைதரின் உதவியுடன் படை புறப்பட்டுச் சிவகங்கையை மீட்டது. 1796இல் நாச்சியார் மறைந்தார்.

இவ்வளவும் நமக்குத் தெரிகிறது. ஏனெனில் அவர் அரசி. அரசி தப்பிச் சென்ற வழியைக் காட்டிக்கொடுக்க மறுத்ததற்காகத் தலை வெட்டப்பட்டவள் உடையாள் என்னும் எளிய குடிப்பெண். சிவகங்கை மீட்புப் போரில் தன் உடலில் தீ மூட்டிக்கொண்டு கம்பெனியின் வெடிமருந்துக் கிடங்கை அழித்தவர் குயிலி. ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் என்று தலித் எழுத்தாளர்கள் உரிமை கோரும் வீராங்கனை. இருவரின் கதையும் மக்களின் வாய்மொழியிலேயே வாழ்கிறது. இவர்களுக்காகக் காத்திருந்தவர் யார்? இவர்கள் பிரிந்துவந்தது யாரை? அதற்கு விடை தரும் ஏடு எதுவும் இல்லை.

எழுத்து ஆதாரம் இல்லை என்பதாலேயே இக்கதைகளைத் தள்ளுவோர் உண்டு. இந்தியச் சாட்சியச் சட்டம், 1872இன் 32ஆம் பிரிவோ, இறந்தவர் சொல்லிச் சென்ற உறவு, திருமணச் செய்திகளைக்கூட உரிய நிபந்தனைகளுடன் சான்றாக ஏற்றது. வாய்மொழியை ஆராய்ந்து எடைபோடலாம். கேட்காமலே ஒதுக்குவது நீதியாகாது.

இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளின் வதை முகாம்களில் யூதத் தம்பதியர் ஆண், பெண் எனத் தனித்தனி வரிசைகளில் பிரிக்கப்பட்டனர். பலர் மறுபடி சந்திக்கவேயில்லை. கொலையுண்டோரின் பெயர்களையும் அவர்தம் துணைவர் பெயர்களையும், உயிர் தப்பிய உறவினரிடம் கேட்டுக் கேட்டுப் படிவங்களில் பதிந்துவருகிறது ஜெருசலேமின் யாத் வசேம் நினைவகம். இதுவரை திரட்டிய பெயர்கள் 45 லட்சத்துக்கும் மேல். கொன்றவர்களின் கோப்புகளை மட்டும் நம்பியிருந்தால் அவர்களில் பலர் பெயரற்றே போயிருப்பார்கள். நம்மிடமும் கம்பெனியின் கோப்புகள் இருக்கின்றன. குயிலிக்கான படிவம்தான் இல்லை.

ஆட்சியை மீட்ட நாச்சியார், கொல்லங்குடியில் உடையாளின் நினைவுக்கல்லுக்குத் தம் வைரத்தாலியைக் காணிக்கையாக்கினார் என்பது சிவகங்கை மக்களின் வழக்கு. அந்தக் கல்லில் கிடப்பவள் தனக்குச் சமமானவள் என ஓர் அரசி ஏற்றதாகவே மக்கள் அதை நினைவில் வைத்திருக்கின்றனர். அரசிக்கு 2008இல் அஞ்சல்தலை வந்தது. சிவகங்கை அருகே நினைவு மண்டபமும் எழுந்தது. இனி நடக்க வேண்டியது ஊர்களில்தான். விருப்பாச்சி முதல் கொல்லங்குடி வரை சேரிகளிலும் குடியிருப்புகளிலும் முதியோர் சொல்லும் பெயர்களை, சொன்னவர் யார், எவரிடம் கேட்டார் என்ற விவரத்தோடு மாணவர்கள் எழுதிவைக்க வேண்டும். சொல்வோர் இருக்கும்போதே அதைத் தொடங்குவோம்.