பொன்மலை போரும் பயனெட்டும்: யார் இந்த ஸ்டிரிங்கர் லாரன்ஸ்?

திருச்சி பொன்மலைன்னு சொன்னதும் ரயில்வே பணிமனைதான் ஞாபகத்துக்கு வரும். ஆனா பணிமனைக்கு ரொம்ப காலம் முன்னாடியே இந்தப் பாறைக் குன்றின் பேர் லண்டன் வரை போயிருக்கு. காரணம், 1753-ல் இங்கே நடந்த ஒரு போர். அதை நடத்தியவர் மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ்.

இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்டைச் சேர்ந்தவர். 1748-ல் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்தபோதே வயது 50. வந்த வேகத்தில் டூப்ளேயின் படையை ஏமாற்றி விரட்டினார். அதே ஆண்டு அரியாங்குப்பத்தில் பிரெஞ்சுக்காரர்களிடம் கைதியாகவும் சிக்கினார். விடுதலையானபின் சம்பளத் தகராறில் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய், 1752-ல் மறுபடி வந்தார். அந்த ஆண்டே ஸ்ரீரங்கத்தில் இருந்த பிரெஞ்சுப் படை சரணடைந்தது.

அடுத்த ஆண்டு நிலைமை தலைகீழ். மைசூர் நஞ்சராஜனும் மராட்டியத் தளபதி முராரி ராவும் பிரெஞ்சு பக்கம் நிற்க, திருச்சி கோட்டைக்குச் சோறு போவதே பெரும்பாடு ஆனது. ஜூன் 26 அன்று, காவலுக்கு இருந்த சிப்பாய்களை வீழ்த்தி பொன்மலையை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். லாரன்ஸிடம் இருந்ததோ சின்னப் படை. பின்வாங்கினால் வெட்டவெளியில் மராட்டியக் குதிரைப்படை துரத்தும்.

ஏறுங்கள் என்றார். துப்பாக்கி முனையில் பயனெட் மாட்டிய கிரனேடியர்களும் சிப்பாய்களும் நிற்காமல் பாறை மேல் ஏறினார்கள். மேலே இருந்தவர்கள் மோதாமலே ஓடிவிட்டார்கள். கீழே இருந்த பிரெஞ்சுப் படை மீது அங்கிருந்தே குண்டு பாய, போர் திசை மாறியது. மூன்று பீரங்கிகளும் கைக்கு வந்தன.

சரி, சுடாமல் ஏன் ஏறினார்கள்? அன்றைய மஸ்கட் துப்பாக்கியில் நல்ல பயிற்சி உள்ளவரே நிமிடத்துக்கு மூன்று முறைதான் சுட முடியும். மருந்து கெட்டிக்க நின்றால் ஆள் காலி. முதலில் வந்த பயனெட்டைக் குழல் வாயில் செருகணும். செருகினால் சுடவே முடியாது. 17-ம் நூற்றாண்டின் கடைசியில் குழலைச் சுற்றி மாட்டும் வளையம் வந்தபின் சுடவும் முடிந்தது, குத்தவும் முடிந்தது. முக்கோண வடிவம், சுமார் 17 அங்குல நீளம். கத்தி என்பதைவிட ஈட்டி முனை என்பதே சரி. பிரான்சின் பயோன் நகரப் பெயரில் வந்ததாகச் சொல்வார்கள். நம்மூர் பழைய தமிழில் துப்பாக்கிச் சனியன்!

கிளைவுக்கு கம்பெனி வாள் பரிசளித்தபோது, லாரன்ஸுக்கும் தராமல் வாங்க மாட்டேன் என்று கிளைவ் மறுத்தது தனிக் கதை. 1758-59 சென்னை முற்றுகையையும் சமாளித்த லாரன்ஸ், 1766-ல் ஓய்வுபெற்று, 1775-ல் லண்டனில் இறந்தார். சொத்து நண்பர் ராபர்ட் பால்க் குடும்பத்துக்குப் போனது. ஆமா, பாக் நீரிணைக்குப் பேர் கொடுத்த அதே பால்க்தான்.

லாரன்ஸுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நினைவுச்சின்னம், இந்திய ராணுவத்தின் தந்தை என்ற பட்டம் எல்லாம் உண்டு. அதே திருச்சி போரில் அவருக்குக் கீழ் உணவு வண்டிகளைக் காத்துக் கொண்டுவந்த யூசுப் கானை, நமக்குத் தெரிந்த மருதநாயகத்தை, 1764-ல் மதுரையில் தூக்கில் போட்டார்கள். பொன்மலைப் பாறையில் லாரன்ஸுக்காக ஏறிய சிப்பாய்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை.