வழி சமைத்த பந்தய வீரர்

மோட்டார்ப் பந்தயம் செல்வர்தம் விளையாட்டு என்பர். அதனைப் பலர்க்கும் எட்டச் செய்தவர் கோயம்புத்தூர்ச் சுந்தரம் கரிவர்தன் ஆவார்.

1954ஆம் ஆண்டு நூற்பாலைக் குடும்பமொன்றில் பிறந்த அவர், சென்னையை அடுத்த சோழவரம் பந்தயங்களில் புகழ் பெற்றார். தம் வெற்றியோடு அவர் மனநிறைவு கொள்ளவில்லை. வெளிநாட்டுப் பந்தயக் கார்களோ பெருவிலை. ஆகவே, சாலையில் ஓடும் மாருதி 800 காரின் இயந்திரத்தைக் கொண்டு, குறைந்த செலவில் பந்தயக் கார்களைத் தாமே உருவாக்கினார். இளைஞர் பலர் அவற்றில் பயின்றனர். அவர்களுள் ஒருவர் நரேன் கார்த்திகேயன்.

1995இல் சிறு விமான விபத்தில் கரிவர்தன் மறைந்தார். 2005இல் இந்தியாவின் முதல் பார்முலா ஒன் வீரராக நரேன் நம் நாட்டுச் சிப்பாங் தளத்தில் காரோட்டியதைக் காண அவர் இல்லை. கோவைப் பந்தயத் தளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மாணவச் செல்வங்களே! பிறர் முன்னேற வழி சமைப்பதும் வெற்றியே என்பதை அவர்தம் வாழ்வால் நாம் அறிகின்றோம்.