கண்ணொளி இழந்தபின் மில்டன்

ஆங்கிலப் பெரும்புலவர் ஜான் மில்டன் என்பாரை நம் கல்லூரி மாணவருள் அறியாதார் இலர். அவரது பெருங்காப்பியத்தின் முதற்பகுதியை வெள்ளகால் ப. சுப்பிரமணிய முதலியார் ‘சுவர்க்க நீக்கம்’ என்னும் பெயரால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ்ச் செய்யுளாக்கித் தந்தமையின், தமிழ் பயில்வார்க்கும் அவர் முற்றும் அயலவர் அல்லர். அவர்தம் கவிநயத்தை எடுத்துரைப்பார் பலர். நாம் ஈண்டுக் கூறப் புகுந்தது அஃதன்று. நாற்பத்து மூன்றாம் அகவையிற் கண்ணிழந்து, மனைவியையும் மைந்தனையும் இழந்து, பின்னர்ப் பதவியும் பொருளும் ஒருங்கே இழந்து, உயிர்க்கு அஞ்சி மறைந்துறைந்த ஒருவர், தம் எஞ்சிய நாள்களை எங்ஙனம் ஒழுங்குற அமைத்துக்கொண்டார் என்பதையே நாம் கூற விழைகின்றோம்.

மில்டன் 1608-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிரெட் தெருவிற் பிறந்தார். தந்தையார் பத்திரம் எழுதும் தொழிலினர், இசையிலும் வல்லவர். மைந்தன் பன்னிரண்டாம் அகவை தொட்டே நள்ளிரவுக்கு முன் படுக்கைக்குச் செல்வது அரிதாயிற்று. அதனால் தலைநோவும் கண்நோவும் இளமையிலேயே தொடங்கின. கேம்பிரிட்ஜிற் பயின்று 1632-இல் வெளிப்போந்த பின்னரும் ஆறாண்டுகள் தந்தையின் இல்லத்தில் நூல்களோடே வாழ்ந்தார். 1638-இல் இத்தாலி நாடு சென்று, வானநூற் பேரறிஞர் கலிலியோவைக் கண்டார். வானத்தை உலகினர்க்குக் காட்டிய அம்முதியவர் அப்பொழுது கண்ணொளி இழந்தவராய்க் காவலில் இருந்தார்.

தாயகத்தில் அரசர்க்கும் பாராளுமன்றத்தார்க்கும் பகை மூண்டமை கேட்டு மில்டன் மீண்டார். முதலாம் சார்லஸ் மன்னர் 1649 ஜனவரியிற் கொலையுண்டார். அவ்வாண்டு மார்ச்சில் புதிய குடியரசின் அயன்மொழிச் செயலாளராக மில்டன் அமர்த்தப்பட்டார். மன்னர் கொலையைக் கண்டித்துச் சல்மாசியஸ் என்னும் அறிஞர் எழுதிய நூலுக்கு மறுப்பு எழுதும் கடமை அவர்மேல் வந்தது. அதற்குள் ஒரு கண் மங்கிவிட்டது. எழுதினால் மற்றதும் போம் என மருத்துவர் எச்சரித்தனர். அவர் எழுதினார். நூல் 1651-இல் வெளிவந்தது. 1652-இன் தொடக்கத்திற்குள் இருள் முற்றுஞ் சூழ்ந்தது. அந்நூலை இன்று படிப்பார் மிகச் சிலரே. அதற்கு இத்துணை விலையா என நாம் வினவலாம். அவர் பிற்காலத்தும் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை.

அவ்வாண்டே மே மாதத்தில் மூன்றாம் மகள் தெபோராள் பிறந்தாள். சின்னாளில் தாய் மேரி இறந்தார். அடுத்த திங்களில் ஒரே மைந்தனும் மாண்டான். கண்ணிழந்த தந்தையின் பொறுப்பில் மூன்று பெண்மகவுகள் எஞ்சின. 1656-இற் காதரின் என்பாரை மணந்தார். பதினைந்து திங்களில் அவரும் அவர் ஈன்ற மகவும் மறைந்தனர். தாலந்து உவமையைக் கருவாகக் கொண்டு தம் குருட்டைக் குறித்து இவர் இயற்றிய பதினான்கடிப் பாடலிற் காணப்பெறும் அமைதி எளிதில் எய்தியதன்று என்பதை உணர்த்தவே இவற்றை எடுத்துரைத்தோம்.

1658-இற் கிராம்வெல் இறந்தார். முடியாட்சி மீளுமென யாவரும் உணர்ந்த வேளையிலும், 1660-இன் தொடக்கத்தில், குடியாட்சியே வேண்டுமென மில்டன் நூல் வெளியிட்டார். துணிவு என்பார் அதனைத் துணிவு என்க. நமக்கோ அது பிடிவாதமாகவும் தோன்றுகின்றது. மே மாதத்தில் இரண்டாம் சார்லஸ் அரசரானார். மில்டன் நண்பர் ஒருவர் மனையில் ஒளிந்திருந்தார். ஆகஸ்டில் அவர் நூல்கள் தூக்கிலிடுவோன் கையால் எரியூட்டப்பட்டன. பொதுமன்னிப்புச் சட்டத்தில் விலக்கப்பட்டோர் பட்டியலில் அவர் பெயர் இடம் பெறாமையின் உயிர் தப்பினார். எனினும் பின்னர்ச் சிறைப்பட்டு, டிசம்பரில் விடுதலை பெற்றார். சிறைக் கட்டணமாக 150 பவுன் கேட்டனர். அது மிகையென நண்பரும் கவிஞருமாகிய ஆண்ட்ரூ மார்வெல் பாராளுமன்றத்தில் வழக்குரைத்தார். அரசாங்கத்திடம் இட்டுவைத்திருந்த இரண்டாயிரம் பவுனும் மில்டனுக்கு மீளவில்லை.

இந்நிலையில் மற்றொருவராயின் மனமுடைந்திருப்பர். மில்டனோ நாளை வரையறுத்துக்கொண்டார். அவரை அறிந்தார் எழுதிவைத்த குறிப்புகளால் அவ்வரையறையை நாம் நன்கு அறிகின்றோம். காலை நான்கு மணிக்கு எழுவார். முதற்கண் எபிரெய வேதாகமத்தில் ஒரு பகுதியைப் படிக்கக் கேட்பார். பின் தனித்திருந்து சிந்திப்பார். ஏழு மணிக்குப் படிப்போன் மீண்டும் வருவான். நண்பகல் உணவு வரை படிப்பும் எழுத்தும் நிகழும். உண்டபின் மூன்று நான்கு மணி நேரம் தோட்டத்தில் உலாவுவார். வீடுகள் பல மாறியும் தோட்டமில்லா வீட்டில் அவர் குடிபுகுந்திலர். வெயில் நாள்களில் முரட்டுச் சாம்பல்நிற அங்கி அணிந்து வாயிற்புறத்தே அமர்ந்து வருவாரோடு உரையாடுவார். பின் ஆர்கன் வாசிப்பார், பாடுவார். மாலையில் நண்பர்கள் வருவர். எட்டு மணி அளவில் ஒலிவக்காய் போன்ற எளிய உணவு. ஒரு குழல் புகையிலை. ஒரு குவளை நீர். ஒன்பது மணிக்கு உறக்கம். கீல்வாத நோய் வருத்தியபோதும் முகமலர்ச்சியோடு பாடுவாராம். இளமையில் நள்ளிரவு விளக்கொளியிற் கண்களை வதைத்தவரா இவர் என நாம் வியக்கின்றோம்.

இவ்வொழுங்கினுள்ளே ஏறத்தாழ 1658-இல் தொடங்கப்பெற்ற காப்பியம் வளர்ந்தது. இரவில் உறக்கமின்றிக் கிடக்கையில் அடிகள் தோன்றும். காலையில் நாற்காலிக் கையின்மேற் காலை இட்டுச் சாய்ந்தவாறு நாற்பது அடிகள் சொல்லுவார். பின் அவற்றைப் பாதியாகச் சுருக்குவார். எழுதுவோன் வரத் தாழ்த்தால், பால் கறக்கப்படாத பசுப்போலத் தவிப்பதாகக் கூறுவாராம். எழுதுவார் பலராதலின் எழுத்துப் பிழைகள் மலிந்தன. மருகர் எட்வர்டு பிலிப்ஸ் அவ்வப்போது வந்து பத்தும் இருபதுமாக அடிகளைப் பார்த்துத் திருத்துவார். குளிர்காலத்திலேயே கவி நன்கு ஊறிற்று. கோடையில் இயற்றியவை அவர் மனத்திற்கு நிறைவளித்தில.

இவ்வமைதிக்குப் பிறர் தந்த விலையையும் நாம் மறைத்தல் கூடாது. மூத்த மகள் ஆனி உடற்குறையும் திக்குவாயும் உடையவளாதலின் விடுபட்டாள். மேரியும் தெபோராளும் கிரேக்கம், இலத்தீன், எபிரெயம் முதலிய மொழிநூல்களைப் பொருளறியாது ஒலியறிந்து மட்டும் தந்தைக்குப் படித்தனர். பொருள் விளங்கா ஏட்டை நாள்தோறும் ஓதுதல் எத்துணைச் சலிப்பென்பதை மாணவராகிய நாம் சொல்லவேண்டுவதின்று. அவர்கள் மனங் கசந்தனர். 1663-இல் தந்தை எலிசபெத்து என்னும் இளநங்கையை மணந்ததும் அக்கசப்பை ஆற்றவில்லை. பின்னர் மகளிர் பொன்வெள்ளித் தையல் முதலிய தொழில் பயில வீட்டை விட்டகன்றனர். எலிசபெத்து அம்மையாரோ கணவர் உணவின் சுவையறிந்து இறுதிவரை பேணினார்.

1665-இற் கொள்ளைநோய் இலண்டனை வாட்டியது. மில்டனுக்கு இலத்தீன் நூல்களைப் படித்துக்காட்டிய தாமஸ் எல்வுட் என்னும் இளைஞர் சால்பாண்ட் சிற்றூரிற் குடிலொன்றை அமர்த்தித் தந்தார். முற்றுப்பெற்ற காப்பியத்தின் கையெழுத்துப் படி அங்கேதான் அவர் கையிற் கொடுக்கப்பட்டது. மறு ஆண்டுப் பெருந்தீயிற் பிரெட் தெருவிலிருந்த தந்தைவழி வீடும் எரிந்தது. 1667 ஏப்ரல் 27-இல் காப்பிய உரிமையைச் சாமுவேல் சிம்மன்ஸ் என்பார்க்கு விற்றார்: கையில் 5 பவுன், முதற்பதிப்பில் 1300 படிகள் விற்றபின் மேலும் 5 பவுன். பத்தாயிரம் அடிகட்கு மேற்பட்ட நூலுக்கு அவர் பெற்றது அவ்வளவே. 1671-இல் வெளியிட்ட நாடகத்தில் கண்ணிழந்து பகைவரிடைப்பட்ட சிம்சோனைத் தலைவனாக்கினார். 1674 நவம்பரில், அருகிலிருந்தோரும் உணராவண்ணம் அமைதியாக உயிர் நீத்தார். கிரிப்பிள்கேட் புனித கைல்ஸ் ஆலயத்தில் தந்தையாரின் கல்லறை அருகே அடக்கஞ் செய்யப்பட்டார்.

இளைய மகள் தெபோராள் ஒரு நெசவாளரை மணந்து வறுமையில் வாழ்ந்தாள். அவளது முதுமையில், 1721-இல், ஓவியர் ஒருவர் தந்தையின் உருவப் படங்களை எடுத்துச்சென்று காட்டினார். அவற்றுள் ஒன்றைக் கண்டதும் இஃது என் தந்தையே என அறிந்து அவள் உள்ளம் பொங்கினாள். பழகுதற்கு இனியவர் அவர் என அவள் கூறிவந்தாள். ஹோமர், ஓவிட், யூரிப்பிடீஸ் ஆகியோர் நூல்களின் தொடக்க அடிகளை, பொருளறியாது படித்த அவ்வடிகளையே, அம்மூதாட்டி மனப்பாடமாக ஒப்புவித்தாள்.